முதுகை எடுத்து முன்னால் வைத்த கதை

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரின் அறைக்கு வெளியே இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அவற்றில் கொஞ்ச நேரம் சாய்ந்தால் முதுகில் துளைத் துளையாக அச்சு விழும். என் அக்கா எழுந்து நின்றபோது ரவிக்கைக்கு மேலே அந்த அச்சு தெரிந்தது. "இன்னும் பத்து நாள்ல இந்த டிசைனு முன்னாடி வந்துடும்கா" என்றேன். பக்கத்தில் இருந்த பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அக்கா தன் ஃபைலால் என் தலையில் அடித்தாள். நல்ல கனமான ஃபைல். இரண்டு வருட நோய் அதற்குள் இருந்தது.

அக்கா பெயர் ஸ்டெல்லா. வயது முப்பத்து மூன்று. என் பெயர் சேவியர், அவளுக்கு சேவி. ஊர் மண்ணூர். அப்பா அம்மா இல்லை. அக்காவுக்குக் கல்யாணம் ஆகி ஒன்றரை வருடத்தில் அந்த ஆளை அவளே அனுப்பிவிட்டாள். அது வேறு கதை, அதிலும் அடிதடி உண்டு. நான் பத்தாவது பெயில், ஐ.டி.ஐ. பாதி. ஒரகடத்தில் கார் கதவுக்குத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை. மருந்து சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் உங்கள் வீட்டில் யாராவது அந்த இரும்பு நாற்காலியில் உட்காரப் போகிறார்கள் என்றால், உள்ளே போய் நாங்கள் செய்ததைச் செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது.

அக்காவின் இடது மார்பை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. முதுகுத் தசையில் ஒரு பகுதியைத் தோலோடு வெட்டி, அதன் ரத்தக்குழாய் அறுந்துவிடாமல் அக்குள் வழியாகத் திருப்பி முன்னால் கொண்டுவந்து புது மார்பு செய்வதாக ஏற்பாடு. கதிர்வீச்சு வாங்கிய தோல் என்பதால் செயற்கைப் பை வைப்பதைவிட இதுதான் நல்லது என்று அறுவை டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முன் மயக்க டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

மயக்க டாக்டரம்மா சின்ன உருவம். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"சுகர்?"

"இல்ல."

"பிரஷர், வீசிங்?"

"இல்ல."

"ஃபிட்ஸ் எப்பவாவது வந்திருக்கா?"

"இல்ல."

"வேற மாத்திரை ஏதாவது பழக்கமா சாப்பிட்டிருக்கீங்களா? முன்னாடி எப்பவாவது?"

"இல்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். "இல்ல டாக்டர், இவ டீயே அரை கிளாஸ்தான்" என்றேன்.

அந்த 'இல்லை'களில் இரண்டு பச்சைப் பொய். ஆனால் நாங்கள் யோசித்துச் சொன்ன பொய் இல்லை. எங்கள் பக்கத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கேள்விகள் மனப்பாடம், பதிலும் மனப்பாடம். கான்ட்ராக்ட்காரர் வைக்கிற மெடிக்கலில் 'ஆமாம்' என்று ஒரு முறை சொன்னவன் பெயர் மறுநாள் கம்பெனி பஸ் லிஸ்டில் இருக்காது. என் இடது காதை பிரஸ் மெஷின் எப்போதோ தின்றுவிட்டது. வருடா வருடம் காதில் மெஷின் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள். நான் சத்தத்தைக் கேட்பதில்லை. பொத்தானை அழுத்துகிறவரின் விரலைப் பார்த்துக் கையைத் தூக்குவேன். பாஸ்.

அந்த வாய்தான் ஆஸ்பத்திரியிலும் பேசியது.

என்ன மறைத்தோம் என்று சொல்லிவிடுகிறேன்.

அக்கா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் அசெம்பிளி லைனில் இருந்தாள். பதினெட்டு விநாடிக்கு ஒரு போன் அவள் முன்னால் வந்து நிற்கும், ஸ்பீக்கரை வைத்து அழுத்தி அனுப்ப வேண்டும். அதைத்தான் ஒரு பீஸ் என்பாள். மார்பில் கட்டி தட்டுப்பட்டதும் அந்த லைனில்தான். கோட்டு உரசுகிற இடத்தில் கொண்டைக்கடலை போல ஒன்று. ஓ.டி. (ஓவர்டைம்) சீசன் முடியட்டும் என்று நான்கு மாதம் தள்ளினாள். பிறகு மார்பை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது புற்றுநோய் போயிருந்தது, வலி போகவில்லை.

மார்பு இல்லாத இடத்தில் தீயால் சுட்டது போலவும் கையின் உள்பக்கம் ஒயர் இழுப்பது போலவும் இருக்கும் என்றாள். அறுபட்ட நரம்புகள் சில பேருக்கு அப்படிச் செய்யுமாம், அதற்குத் தனி வைத்தியமும் உண்டாம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது டாக்டரிடம் போனால் ஒரு நாள் லீவு போகும். அதனால் வைத்தியம் நான் பார்த்தேன்.

என் ஷிப்டில் குமார் என்று ஒருத்தன். டபுள் ஷிப்ட் அடிக்கிறவர்களுக்கு அவனிடம் மாத்திரை கிடைக்கும். சாப்பிட்டால் இடுப்பு, தோள் எதுவும் நம்முடையது இல்லை என்று ஆகிவிடும். நான் இரண்டு முறை போட்டு இரண்டு முறையும் வாந்தி எடுத்தேன். எனக்கு ஒத்துக்கொள்ளாதது என் அதிர்ஷ்டம். ஒரு அட்டையை வாங்கி வந்து அக்காவின் சாப்பாட்டு டப்பாமேல் வைத்தேன். "இந்தாக்கா. ஓ.டி. மாத்திர. போட்டுகினா நீயே ஒரு மெஷினு" என்றேன். சிரித்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

அது ஓபியாய்டு (அபினி வகையைச் சேர்ந்த வலிமருந்து). டாக்டர் கண் பார்வையில் சரியான ஆளுக்குச் சரியான நாட்களுக்குக் கொடுத்தால் நல்ல மருந்துதான். என்னைப் போன்ற டாக்டர் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஐந்து மாதத்தில் பார்த்தேன். ஒன்று இரண்டாகி, இரண்டு கைப்பிடியாகி, ஒரு நாள் லைனிலேயே அக்காவுக்கு வலிப்பு வந்து விழுந்தாள். நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். 'சாப்பிடாமல் வந்துவிட்டேன்' என்று சூப்பர்வைசரிடம் சொல்லிச் சமாளித்தாள்.

அன்றைக்கு வீட்டிலிருந்த எல்லா மாத்திரைகளையும் கழிப்பறையில் கொட்டி, வாசல் கதவை வெளியே பூட்டிவிட்டு நான் ஜன்னல் வழியாக உள்ளே குதித்தேன். இதுதான் நான் செய்த இரண்டாவது வைத்தியம். திடீரென்று நிறுத்தினால் மறுபடியும் வலிப்பு வரலாம், உயிரே போகலாம், இதற்கென்று ஆஸ்பத்திரியில் தனிப் பிரிவு இருக்கிறது என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் வெட்கத்தில் போயிருக்க மாட்டோம். நீங்கள் போங்கள்.

நான்கு நாள். முதல் நாள் வியர்த்தாள், கொட்டாவி விட்டாள். இரண்டாம் நாள் உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்து, கால்கள் தாமாகவே சுவரை உதைத்தன. வயிறு நிற்காமல் போனது. மூன்றாம் நாள் மிக்ஸி ஜாரை எடுத்து என் நெற்றியில் அடித்தாள். பிறகு ஐந்து தையல் போட்டார்கள். என் முழங்கையில் பல் இறங்கிய இடம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. அவள் சுவரில் தலையை மோத ஆரம்பித்தபோது போர்வையால் அவளைக் கட்டிலில் கட்டினேன். என்னைத் தூக்கி வளர்த்தவளைக் கட்டிப்போட்டேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் ஒரு மெடிக்கல் ஃபாரம்தான்.

ஐந்தாம் நாள் காலை எழுந்து உட்கார்ந்தாள். என் நெற்றிக் கட்டைப் பார்த்து, "யார்ரா உன்ன அடிச்சது?" என்றாள்.

"ஒரு பொம்பள ரவுடி. ஆள் இங்கதான் சுத்திகினு கீது" என்றேன்.

அடுத்த வாரம் ஷிப்ட் விடும் நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் குமாரை அடித்தேன். ஹெல்மெட்டால். அவன் மூக்கு உடைந்து சட்டை சிவப்பானது. கீழே கிடந்தபடியே அவன் கேட்டான்: "உங்க அக்கா கைல நானாடா குடுத்தேன்?" அதற்குப் பிறகு என் கை எழவில்லை.

அக்கா அதற்குப் பிறகு ஒரு மாத்திரைகூடத் தொடவில்லை. எட்டு மாதம். அப்போதுதான் கம்பெனி கேட்டில் ஒரு சம்பவம் நடந்தது.

செல்போன் கம்பெனியில் வெளியே வரும்போது உடம்பைத் தடவிச் சோதிப்பார்கள். மார்பு இல்லாத பக்கத்துக்கு அக்கா துணிப்பை ஒன்று தைத்து வைத்திருந்தாள். பஞ்சு வைத்தால் எடை பத்தாமல் மேலே ஏறிக்கொள்கிறது என்று உள்ளே கடுகு. பழைய செக்யூரிட்டி அம்மாவுக்கு விஷயம் தெரியும். அன்றைக்குப் புதுப் பெண். அமுக்கிப் பார்த்தவள் கையில் நறநறவென்று ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது.

"இன்னாமே உள்ள? ஸ்க்ரூவா?"

அக்கா காதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் கையை உள்ளே விட்டு இழுத்துவிட்டாள். தையல் பிரிந்தது. இரண்டு வரிசைப் பெண்கள் பார்க்க, மெட்டல் டிடெக்டருக்குக் கீழே தரையெல்லாம் கடுகு. யாரோ சிரித்தார்கள். அக்கா போன் வைக்கிற தட்டை எடுத்து அந்தப் பெண்ணின் முகத்தில் அடித்தாள். முடியைப் பிடித்து டிடெக்டர் கம்பத்தில் இரண்டு முறை மோதினாள். நான்கு பேர் பிடித்து இழுத்தார்கள். வேலை அன்றோடு போயிற்று.

வீட்டுக்கு வந்து சொன்னாள்: "அழகுக்கெல்லாம் வேணாண்டா எனக்கு. எவ கைய வுட்டு இழுத்தாலும் வெளிய வராத மாதிரி ஒண்ணு வோணும். சதையோட சதையா."

அப்படித்தான் மயக்க டாக்டரின் அறைக்கு வந்து சேர்ந்தோம். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றோம். டாக்டர் எழுதிக்கொண்டே, "பெரிய ஆபரேஷன்தான், பயப்படாதீங்க. வலிக்கு நல்ல ஊசி இருக்கு. மார்ஃபின் வகை. போட்டா சுகமா தூங்கிடுவீங்க" என்றார். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அந்த நேரத்தில் என் விரல் எலும்புகள் நொறுங்குகிற மாதிரி இறுக்கினாள். பயத்தில் இறுக்குகிறாள் என்று நினைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில், செம்பரம்பாக்கம் தாண்டும்போது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நல்ல ஊசி போடுவாங்களாண்டா." அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பசித்தவள் முகத்தில் பிரியாணி வாசனை பட்டால் வருமே, அந்தச் சிரிப்பு.

"அக்கா, டாக்டராண்ட சொல்லிட்லாம்கா."

"இன்னாத்த?"

"மாத்திரைய. ஃபிட்ஸ."

அவள் அடித்த அறையில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "சொன்னா ரிஜெக்ட்டுடா! ஆப்ரேசனே பண்ணமாட்டாங்கோ. போதக்காரின்னு ஃபைலுல எழுதிடுவாங்கோ. இன்னோரு தபா துணிய வச்சிகினு கேட்ல நிக்கச் சொல்றியா என்ன?"

அடி வலது பக்கம் விழுந்தது. நல்ல காது அது. அதனால் எல்லாம் தெளிவாகக் கேட்டது. அவளுக்குப் பயமும் இருந்தது, அந்த ஊசியின்மேல் ஆசையும் இருந்தது. எது எவ்வளவு என்று அவளுக்கே தெரியவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. அந்த ஊசி ஏறினால் புது மார்போடு பழைய ஸ்டெல்லா வீட்டுக்கு வருவாள். மறுபடியும் போர்வையால் கட்ட என் கையில் பலம் இல்லை.

மறுநாள் நான் மட்டும் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குமார், மிக்ஸி ஜார், போர்வை, என் காது வரைக்கும். அவர் திட்டவில்லை. "அந்த ஃபிட்ஸை மறைச்சீங்களே, அதுதான் ஆபத்து. சில வலி ஊசி போட்டா மேஜை மேலயே மறுபடி வந்திருக்கும்" என்றார். பிறகு, "நீ சொன்னா பத்தாதுப்பா. அவங்க வாயால சொல்லணும். கூட்டிட்டு வா" என்றார்.

பொய் சொல்லித்தான் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனை என்று. டாக்டர் பழைய ஃபாரத்தைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தார். முதலிலிருந்து கேட்டார். சுகர், இல்லை. பிரஷர், இல்லை. ஃபிட்ஸ். அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையில் ஃபேனைப் பார்த்தேன்.

"ஒரு தபா" என்றாள் அக்கா.

"மாத்திரைப் பழக்கம்?"

அக்கா ஃபைலின் மூலையைப் பிய்த்தாள். பிறகு மெதுவாக, "இருந்துச்சி" என்றாள். சொன்ன அடுத்த விநாடி மேஜைக்குக் கீழே என் கணுக்காலில் செருப்புக் காலால் உதைத்தாள். "இவந்தான் டாக்டர் வாங்கியாந்து குடுத்தான், இந்தப் பொறம்போக்கு."

"ஆமா டாக்டர்" என்றேன். ஒரு ஃபாரத்துக்கு நான் சொன்ன முதல் ஆமாம்.

"ரிஜெக்ட்டா டாக்டர்?" என்றாள் அக்கா.

"எதுக்கும்மா? மருந்தைத்தான் மாத்தப்போறோம், ஆளை இல்ல."

அபினி வகை மருந்து இல்லாமலே மயக்கம் கொடுக்க முடியும் என்று அவர் விளக்கினார். எனக்குப் புரிந்த அளவு இது. முதுகெலும்பின் ஓரத்தில் நரம்புகள் கிளம்புகிற இடத்தில் ஊசி போட்டு அந்தப் பக்கத்தை மரத்துப்போகச் செய்வார்கள். அங்கேயே மெல்லிய குழாய் ஒன்றை விட்டுவைத்து ஆபரேஷனுக்குப் பிறகும் மரப்பு மருந்தை விடுவார்கள். கூடவே கெட்டமைன் (குறைந்த அளவில் வலியை மழுக்கும் மயக்க மருந்து, கண்டபடி கனவு வரலாம்), தூக்கத்தைக் கொடுத்து நாடியை நிதானமாக்கும் இன்னொரு மருந்து, சாதாரண வலி மாத்திரைகள். "வலி ஒரே வாசல் வழியா வர்றதில்ல. எல்லா வாசல்லயும் ஆள் நிறுத்துறோம்" என்றார்.

பிறகு கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு சொன்னார்: "ஆனா வலியே இருக்காதுன்னு சத்தியம் பண்ணமாட்டேன். எல்லாருக்கும் இது பொருந்தாது. உயிருக்கு ஆபத்துன்னா எந்த மருந்து வேணுமோ அதைப் போடுவேன், அப்ப உங்களைக் கேக்கமாட்டேன். சரியா?"

"சரி" என்றாள் அக்கா.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா கேட்டாள்: "டேய் சேவி, உங்க பிரஸ்ல மெஷினுக்குள்ள கைய வுடறதுக்கு முன்ன செவப்பா ஒண்ணு மாட்டுவீங்களே, அது ஒண்ணு எடுத்தாடா."

அது அபாய டேக். மெஷினுக்குள் ஆள் இறங்குவதற்கு முன் சுவிட்சைப் பூட்டி, தன் போட்டோ ஒட்டிய சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். 'இயக்காதே. ஆள் உள்ளே இருக்கிறார்.' மாட்டியவன் மட்டும்தான் கழற்றலாம். சூப்பர்வைசர் சொன்னாலும், முதலாளியே வந்தாலும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. அந்த விதியை மீறிய ஒருத்தனால் இன்னொருத்தனின் நான்கு விரல்கள் தகட்டோடு தகடாகப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றைச் சுட்டு வந்தேன். அக்கா தன் பழைய ஐ.டி. கார்டு போட்டோவைப் பிய்த்து அதில் ஒட்டினாள். முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த நாள் எடுத்தது. எண்ணெய் வைத்து வாரிய தலை, முறைக்கிற கண். பின்பக்கம் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'அபினி வகை ஊசி வேண்டாம். நான் கேட்டாலும் வேண்டாம். - ஸ்டெல்லா.' என் எழுத்துப்பிழைகளை அவள் திருத்தினாள்.

ஆபரேஷன் அன்று காலை உள்ளே போனவளை மாலையில் வெளியே கொண்டுவந்தார்கள். இடையில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் தகடு வெட்டுகிறவன் மனது சும்மா இருக்குமா? வெட்டு, திருப்பு, இழு, பொருத்து, அழுத்து என்று உள்ளுக்குள் பிரஸ் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் நாற்காலியில் என் தொடை துடித்தது.

கண் விழித்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "கூரையில மீனு நீந்துதுடா." கெட்டமைன் கனவு. வாந்தி இல்லை, மூச்சு சீராக இருந்தது. முன்னால் ஒரு தையல், பின்னால் ஒரு தையல், பக்கவாட்டில் இரண்டு வடிகுழாய்கள் (உள்ளே தேங்கும் ரத்தத்தையும் நீரையும் வெளியே எடுப்பவை), அவற்றின் முனையில் சிவப்புத் தண்ணீர் நிறைந்த குடுவைகள். "ரோஸ்மில்க்கு" என்றேன். சிரித்தால் வலிக்கிறது என்று கெட்ட வார்த்தையில் திட்டினாள். அபினி வகை வேண்டாம் என்று மயக்க டாக்டர் எழுதிய குறிப்பு ஃபைலில் சிவப்பு மையில் இருந்தது. சிவப்பு டேக் டிரிப் கம்பியில் தொங்கியது. நர்ஸ் படித்துவிட்டு, "யாரும்மா இந்த போலீஸ்காரி?" என்று போட்டோவைக் காட்டிக் கேட்டார்.

ஒரு நாள் முழுக்க நன்றாகப் போனது. ஏதோ அழுத்துகிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மறுநாள் மதியம். அவளை உட்கார வைக்க நர்ஸ் வரட்டும் என்று காத்திருக்கச் சொன்னார்கள். நான் காத்திருக்கவில்லை. "எழுந்திரிக்கா, ஷிப்ட் பஸ் போய்டப்போவுது" என்று தோளுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினேன். முதுகில் ஒட்டியிருந்த மரப்பு மருந்துக் குழாய் என் கடிகாரத்தில் மாட்டிக்கொண்டு முழுசாக வெளியே வந்துவிட்டது. அக்காவின் மூன்றாவது வைத்தியத்தையும் நான்தான் செய்தேன்.

நர்ஸ் வந்து பார்த்துவிட்டு மயக்க டாக்டருக்குப் போன் செய்தார். அவர் வேறொரு ஆபரேஷனில் இருந்தார். முடித்துவிட்டு வந்து புதுக் குழாய் போடுவதாகச் சொன்னார்.

மரப்பு இறங்க இறங்க அக்காவின் முகம் மாறியது. முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு படுக்கைக் கம்பியை. ஆளை இரண்டு பக்கமும் வெட்டியிருக்கிறது; மல்லாந்து படுத்தால் முதுகுத் தையல் கிழிகிறது, சாய்ந்தால் முன்பக்கம். மூச்சு இழுத்தால் விலாவுக்குள் யாரோ ரம்பம் போடுகிறார்கள். அவள் கத்திய கத்தலில் வார்டு மொத்தமும் அமைதியானது. பக்கத்துப் படுக்கைக்காரரின் சாப்பாட்டுத் தட்டு கீழே விழுந்தது. அக்கா என் கையை இழுத்து, பழைய தழும்புக்கு மேலேயே கடித்தாள். நான் கையை எடுக்கவில்லை. எடுக்க எனக்கு என்ன யோக்கியதை?

"போடச் சொல்றா! அந்த ஊசியப் போடச் சொல்றா! செத்துருவேண்டா, டேய், உன் கால்ல வுழறேண்டா!"

டியூட்டி டாக்டர் ஓடிவந்தார். என் வயதுதான் இருக்கும். வேறு வலி மருந்து ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஃபைலைப் பார்த்தார், டேக்கைப் படித்தார், அக்காவைப் பார்த்தார். நான் டிரிப் கம்பிக்கு முன்னால் போய் நின்றேன். அவர் மருந்தை எடுத்தால் அவர் கையை உடைப்பது என்று முடிவு செய்திருந்தேன். உண்மையாகவே செய்திருப்பேன்.

அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை. அக்காவிடம் குனிந்து சொன்னார்: "அக்கா, உங்க உடம்பு, உங்க முடிவு. இந்த அட்டையை மாட்டினது நீங்க. நீங்களே கழட்டிக் குடுத்தா பாதுகாப்பான அளவுல ஒரு மருந்து போடறேன். அதுல தப்பே இல்ல. தம்பி, நீங்க நகருங்க."

நான் நகர்ந்தேன். பிரஸ் ஷாப்பில் நாங்கள் மதிக்கிற ஒரே சட்டம் அது. மாட்டியவர்தான் கழற்ற வேண்டும்.

அக்கா வலது கையை நீட்டினாள். அது போய் அட்டையைப் பிடித்தது. கயிறு இறுகியது, கம்பி ஆடியது. இழுக்கப்போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் எதுவும் அறுபடவில்லை. திறந்து பார்த்தால், அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து அந்த எண்ணெய்த் தலைக்காரியை முறைத்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. பதினாறு, பதினேழு, பதினெட்டு.

"ஒரு பீஸு" என்றாள் பல்லைக் கடித்தபடி.

மறுபடியும் ஒன்றிலிருந்து.

"ரெண்டு பீஸு."

நான் புரிந்துகொண்டு கூடவே எண்ண ஆரம்பித்தேன். நடுவில் தப்பாக எண்ணினால் திட்டினாள். முப்பதாவது பீஸில் வாந்தி எடுத்தாள். ஐம்பதுக்குப் பக்கத்தில் என் அப்பா அம்மா எல்லாரையும் சேர்த்துத் திட்டினாள். அவர்கள் அவளுக்கும் அப்பா அம்மாதான் என்று சொன்னேன். எழுபதில், "இன்னும் இன்னா பண்றா அந்தப் பொம்பள?" என்றாள். டியூட்டி டாக்டர் போகாமல் நின்று அவள் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நூறு தாண்டியபோது அவரும் எண்ணினார். நூற்று இருபத்தேழாவது பீஸில் மயக்க டாக்டர் உள்ளே வந்தார்.

புதுக் குழாய் போட்டு மருந்து இறங்கிய பிறகு அக்காவின் விரல்களை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. டாக்டர் என் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். அப்புறம் அக்காவிடம் சொன்னதை உங்களுக்காக அப்படியே எழுதுகிறேன்: "நீங்க கழட்டியிருந்தாலும் தோத்துப்போனீங்கன்னு நான் சொல்லியிருக்க மாட்டேன். அதுக்கும் ஒரு வழி யோசிச்சுதான் வச்சிருந்தேன்." வலி தாங்கினவர்கள் பெரிய ஆள், மருந்து கேட்டவர்கள் சின்ன ஆள் என்று யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

ஏழு மாதம் ஆகிறது. புது மார்பு கொஞ்சம் சின்னது, கொஞ்சம் மேலே. தான் முதுகுத் தசை என்பதை அது மறக்கவில்லை. அக்கா குடத்தைத் தூக்கினால், இரும்புக் கேட்டை இழுத்தால், அது தானாகத் துள்ளுகிறது. "உனுக்கு முன்னாடியும் ஒரு முதுகு கீதுக்கா" என்பேன். அக்குள் பக்கம் இன்னும் இறுக்கம் உண்டு, மழை நாளில் வலி உண்டு. வலி வந்தால் இப்போது வலி வைத்தியரிடம் போகிறோம். அவர் கேட்கிற எல்லாக் கேள்விகளுக்கும் உள்ளது உள்ளபடி பதில் சொல்கிறோம். கம்பெனி மெடிக்கலில் நான் இந்த வருடம் காதைப் பற்றி உண்மையைச் சொன்னேன். பிரஸ்ஸிலிருந்து தூக்கி பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். அங்கே ஒரே அமைதி. எனக்குத் தூக்கம் வருகிறது.

அக்காவுக்கு நேரம் மாறிவிட்டது. பஸ் எப்போது வரும் என்றால் இருபது பீஸ் என்கிறாள். சோறு வேக ஐம்பது பீஸ். ஒரு துக்க வீட்டில் அழுதுகொண்டிருந்த பெண்ணைக் கட்டிப்பிடித்து, "ஒரு பீஸு தாண்டும்மா, அப்புறம் அடுத்தது பாத்துக்கலாம்" என்றாளாம். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

போன மாதம் வாலாஜாபாத் ரோட்டில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தாள். அங்கேயும் கேட்டில் தடவிச் சோதிப்பார்கள். முதல் நாள் ஷிப்ட் விடும்போது நான் வெளியே வண்டியில் காத்திருந்தேன். யார் முகம் உடையப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சாதாரணமாக நடந்து வந்தாள்.

"இன்னாக்கா ஆச்சி?"

"இன்னா ஆவும்? தடவுனா, போன்னுட்டா." வண்டியில் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்தாள். "ஆனா ஒண்ணுடா. அவ கைய முன்னாடிதான் வச்சா. எனுக்கு யாரோ முதுகுல தட்டிக் குடுத்த மாதிரி இருந்துச்சி."

"எவ்ளோ நேரம்?"

யோசித்தாள். வண்டி கிளம்பி மெயின் ரோடு ஏறிய பிறகு, என் நல்ல காதுப் பக்கம் சாய்ந்து சொன்னாள்.

"பாதி பீஸு கூட இல்ல."